பத்து நாளில் நிறுத்திய மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 64. பி.பி.யும் சர்க்கரையும் உண்டு. ஒரு வருடமாகச் சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை. பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் புடவை நனைந்துவிடுகிறது. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறேன். பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். டாக்டர் சோலிஃபெனசின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, குணமும் தெரியவில்லை. பத்து நாளில் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மிராபெக்ரான் சாப்பிடுகிறார். அதில் வாய் வறளாதாம். நானும் மருந்துக்கடையில் அதையே வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நீங்களாக வாங்க வேண்டாம் அம்மா. அந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் அது சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். 180/110 அல்லது அதற்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. உங்கள் பி.பி. இன்று எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. பி.பி.க்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறீர்கள் என்றால், மிராபெக்ரான் சேரும்போது மெட்டோப்ரோலாலின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லாமல் இருக்கலாம்.

உங்களுக்கு வாய் ஏன் வறண்டது என்று சொல்கிறேன். நரம்பிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்க வைக்கிறது. பை நிரம்பும் முன்பே தசை சுருங்கினால் இந்த அவசரம் வரும். சோலிஃபெனசின், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின் எல்லாம் அந்த வேதிப்பொருள் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதே மாதிரி இடங்கள் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் கண்ணிலும் இருக்கின்றன. மிராபெக்ரான் வேறு வழியில், பை நிரம்பும் நேரத்தில் தசையைத் தளர்த்துகிறது. அதனால் வாய் வறட்சி குறைவு. ஜப்பானில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்ற மருந்து அது.

பத்து நாள் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சோலிஃபெனசினின் முழுப் பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும். மிராபெக்ரானுக்கு எட்டு வாரம்கூட ஆகலாம். இதை முதல் நாளே உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேர் பாதியில் விடுவது இதனால்தான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது மூளை. சோலிஃபெனசின் வகை மருந்துகள் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கலாம். சளிக்குப் போடும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. மூன்று டாக்டர்கள் ஆளுக்கொன்று எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒரே உடம்பில் சேரும். "அம்மாவுக்கு வயசாச்சு, மறதி வந்துடுச்சு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இந்த வகை மருந்துகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களிடம் மறதிநோய் சற்று அதிகம் காணப்பட்டதாக ஆய்வுகள் உண்டு. மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ஆகவே அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளி வெளியேற்றுவது. அடிக்கடி போக வைக்கும். பி.பி. மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தால் அதை எந்த வேளையில் சாப்பிடுவது என்றும் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையோடு, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட சர்க்கரையில் பையின் நரம்புகள் தளர்ந்து சிறுநீர் தேங்குவதுண்டு. அப்படித் தேங்கும்போது சிறுநீர்ப்பைக்கான மாத்திரைகள் அடைப்பையே உண்டாக்கிவிடலாம்.

தண்ணீரைக் குறைத்தது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். சிறுநீர் கெட்டியானால் பை இன்னும் எரிச்சலடையும். மலச்சிக்கல் முற்றும், நிறைந்த குடல் பையை அழுத்தும். பகலில் வழக்கம்போலக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். காபி, டீ ஒரு வேளை போதும். அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, சிறுநீரை அடக்கும் தசையை நாலைந்து முறை இறுக்கி விடுங்கள். அலை அடங்கிய பின் நடங்கள். பாத்ரூம் போகும் இடைவெளியை வாரத்துக்குக் கால் மணி நேரம் நீட்டிப் பாருங்கள். மாத்திரையோடு இந்தப் பயிற்சியும் சேரும்போதுதான் நல்ல பலன்.

சிறுநீரில் ரத்தமோ, காய்ச்சலோ, எரிச்சலோ இருந்தால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். இரண்டு வகை மாத்திரையும் பலிக்கவில்லை என்றால், சிறுநீர்ப்பைக்குள் போடும் போட்டுலினம் ஊசியும், கணுக்கால் நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சிறுநீரியல் நிபுணரிடம் கேளுங்கள்.