கதவைச் சாத்தினால் சத்தம் நிற்குமா?

பரீட்சையில் கதவைப் பற்றிக் கேட்டால் நிலை, கீல், தாழ்ப்பாள் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்தக் கதவு சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் நாம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஏனென்றால் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறியும் குடித்தனமும் ஒரே வீட்டில்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. முன் அறையில் அப்பாவின் தறி, அடுத்த அறையில் என் படிப்பு. நெய்த சேலைக்குத்தான் கூலி. பரீட்சைக்காகத் தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. நிறுத்தாவிட்டால் படிப்பு போச்சு. இரண்டும் போகாமல் இருக்க ஒரு கதவால் எவ்வளவு முடியும் என்று பார்ப்போம்.

டெசிபல் கணக்கு

சத்தத்தை அளப்பது டெசிபலில். ஒரு தடுப்பு 20 டெசிபல் குறைக்கிறது என்றால், வந்த ஒலி ஆற்றலில் 100-ல் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகிறது. 30 டெசிபல் என்றால் 1000-ல் ஒரு பங்கு. காதுக்கோ 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறையப் பாதியானது போல இருக்கும். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். உள்ளே கூடாக இருக்கும் மலிவான பிளஷ் கதவு சுமார் 20 டெசிபல்தான். 10 சதுர மீட்டர் சுவரில் 2 சதுர மீட்டர் அப்படிப்பட்ட கதவு இருந்தால், மொத்தத் தடுப்பு 27 டெசிபலுக்கு இறங்கிவிடும். சுவரை இன்னும் தடிமனாக்கியும் பயனில்லை. பலவீனமான இடம்தான் முடிவு செய்கிறது.

எடையும் இடைவெளியும்

சதுர மீட்டருக்கு உள்ள எடையை இரட்டிப்பாக்கினால் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும் என்பது பொது விதி. ஆகவே உள்ளே கெட்டியாக மரம் நிறைந்த கதவு நல்லது. அது சுமார் 30 டெசிபல் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் சந்து இருந்தால்? 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவில் அது வெறும் அரை சதவீதம். "அவ்வளவுதானே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்:

கூடான கதவு, சந்துடன்: 18 டெசிபல்.
கெட்டிக் கதவு, சந்துடன்: 22 டெசிபல்.
கெட்டிக் கதவு, சந்தை அடைத்தபின்: 30 டெசிபல்.

பணம் போட்டுக் கதவை மாற்றியதில் கிடைத்தது 4 டெசிபல். கொஞ்சம் ரப்பர் பட்டையில் கிடைத்தது 8 டெசிபல்! காற்று போகும் வழியெல்லாம் சத்தமும் போகும். "சவுண்ட் புரூஃப் கதவு" என்று விற்பதன் ரகசியமும் எடை, இறுக்கம் இரண்டும்தான். வானொலி ஒலிப்பதிவுக் கூடங்களில் இப்படி இரண்டு கதவுகளை வரிசையாக வைத்து, நடுவே சிறு அறை விடுவார்கள்.

நாம் செய்யக்கூடியது

நம்ம ஊர்ப் பழைய வீடுகளின் இரட்டைக் கதவுகளுக்குக் கனம் ஏற்கெனவே உண்டு. இரண்டும் சேரும் நடுக்கோடும், அடிச்சந்தும்தான் ஓட்டை. இரவில் ஒரு அறையில் மட்டும் விளக்கைப் போட்டு, இருட்டான அறையிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். நிலையின் மூன்று பக்கமும், நடுக்கோட்டிலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அடியில் தரையைத் தொடும்படி ரப்பர் துண்டு அடியுங்கள். கதவைச் சாத்தும்போது பட்டை அமுங்க வேண்டும். சும்மா உரசினால் போதாது.

அறைக்குக் காற்றும் வேண்டும். ஆகவே தறி இல்லாத பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு எரியும் அறையை மட்டும் இப்படி அடைக்கவே கூடாது.

கதவால் ஆகாதது

ஓட்டு வீடுகளில் இடைச்சுவர் பெரும்பாலும் கூரை வரை எட்டாது. சத்தம் சுவருக்கு மேலே ஏறி வந்துவிடும். முதலில் அதை அடைக்க வேண்டும். இன்னொன்று, ஊடையை அடித்து நெருக்கும்போது வரும் அதிர்வு தறிக்கால் வழியாகத் தரையில் இறங்கி அடுத்த அறைக்கு வருகிறது. அதைக் கதவு தடுக்காது. தரைமேல் நிற்கும் தறியானால் காலுக்கு அடியில் கெட்டி ரப்பர் வைக்கலாம். குழித்தறிக்கு அது எளிதல்ல.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. அவை தெருவுக்கான விதிகள். வீட்டுக்குள் தறிக்கும் பாடப் புத்தகத்துக்கும் நடுவில் உள்ள கதவை நாம்தான் கவனிக்க வேண்டும். நாளை வீடு கட்டப் போகிறவர்கள் நாம். நெசவாளர் வீட்டுக்கு வரைபடம் போடும் நாளில், கதவுக்கு அடியில் உள்ள அந்த அரை சதவீதத்தை மறந்துவிடாதீர்கள். தறியும் ஓடட்டும், படிப்பும் ஓடட்டும்!