அதே ஏ, அதே பி. இசட் புள்ளி மட்டும் வேறா?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி எடுத்தாள். அவளோடு ஒரே ரியூசனுக்குப் போன பிள்ளைக்கும் இரண்டு ஏ, ஒரு பிதான். ஆனால் அந்தப் பிள்ளையின் இசட் புள்ளி நன்றாகவே கூட. கணக்கில் பிழை வந்திருக்குமா? மீள்திருத்தத்துக்குப் போடலாமா?
- ஒரு தாய், வவுனியா

பதில்: பிழை இருக்க வேண்டியதில்லை, அம்மா. 75 எடுத்த பிள்ளைக்கும் ஏ, 96 எடுத்த பிள்ளைக்கும் ஏ. பெறுபேற்றில் நீங்கள் பார்ப்பது எழுத்தை. இசட் புள்ளி கணிக்கப்படுவதோ அதற்குப் பின்னால் இருக்கும் புள்ளியிலிருந்து. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு இதுவே போதும்.

பி எந்தப் பாடத்தில் வந்தது என்பதும் சேரும். பிள்ளையின் புள்ளியிலிருந்து, அந்த ஆண்டு அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவுதான் நியம விலகல். பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 70 எடுத்தவருக்கு 2 வரும். உயிரியலில் சராசரி 55, விலகல் 10 என்றால் அதே 70க்கு 1.5தான். இரண்டுமே பி! மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால், நான்கு தசமதானத்தில் இசட் புள்ளி. 2001இல் இந்த முறை வருமுன் பாடப் புள்ளிகளை வெறுமனே கூட்டினார்கள். இலேசான தாள் வந்த பாடத்தை எடுத்தவருக்கு யோகம்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வெவ்வேறு பாடங்களை எழுதும் கூட்டங்கள் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவை என்று நம்பித்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் இரு தொகுதிக்கும் தனித்தனியே கணிக்கும்படி உத்தரவானது.

மீள்திருத்தத்தில் பார்ப்பது விடைத்தாளை. ஏதாவது ஒரு பாடத்தில் மகள் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் போடுங்கள். சிநேகிதியின் இசட் புள்ளி கூட என்பது அதற்குக் காரணமாகாது.

இப்போது பார்க்க வேண்டியது மகளின் மாவட்ட நிலையை. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வவுனியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். போன வருட வெட்டுப்புள்ளியையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். அது முன்கூட்டியே யாரும் குறித்து வைப்பதல்ல, கடைசி இடம் கிடைத்த பிள்ளையின் இசட் புள்ளி. ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். விண்ணப்பத்தில் மருத்துவத்தோடு நின்றுவிடாமல் சித்த மருத்துவம், தாதியியல், விவசாயம் என்று விருப்ப வரிசையை நீளமாகவே எழுதச் சொல்லுங்கள்.