கால்வாய்க் கரையின் கீழே செல்லும் குழாய்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்தும் பிரியும் கால்வாய்களைக் குடிநீர்க் குழாய்கள் கடக்க வேண்டியிருக்கிறது. கரையை வெட்டாமல், ஒரு புறம் குழி எடுத்து, ஜாக்கியின் விசையால் குழாயை மண்ணுக்குள் தள்ளி மறுபுறம் கொண்டு செல்லும் முறை இதற்கு உதவுகிறது. போக்குவரத்தும் பாசனமும் தடைப்படாமையால் நல்ல முறையே. ஆயினும், வெட்டாத கரைக்குத் தீங்கில்லை என்று நாம் எண்ணிவிடலாகாது.

குழாய் எளிதில் நகரும் பொருட்டுத் துளை சற்றுப் பெரிதாகவே குடையப்படுகிறது. 1 மீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயைச் சுற்றி 1 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பினும், 10 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 0.3 கன மீட்டர் வெற்றிடம் உண்டாகும். கெட்டிச் சரளையில் அது சில காலம் நிற்கும். நமது நஞ்சை வண்டலில் நில்லாது. மேல்மண் இறங்கி அதை நிரப்ப, தரை தாழும். நீர் ஊறும் மணலிலோ, குடையும் முகப்பைத் தாங்காவிடில் மணலே குழாய்க்குள் பாய்ந்து வரும்.

2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்கம் குடைந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்வினையாக உயிர்ச்சேதம் இல்லை. சுரங்கம் பெரிது, நம் குழாய் சிறிது. மண்ணின் குணம் ஒன்றே.

சாலை தாழ்ந்தால் தார் இட்டு நிரப்பலாம். கரை தாழ்ந்தால் வெள்ளம் அவ்விடத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். குழாயை ஒட்டிய இடைவெளி வழியே நீர் கசிந்து மண்ணை அரிப்பதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குளங்கள் உடைந்ததைக் கண்ட நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வெளிவரும் மண்ணை அளப்பது. மேற்சொன்ன குழாய் 10 மீட்டர் முன்னேறினால், உதிர்ந்த மண் சுமார் 10 கன மீட்டர் வரலாம். 13 வந்தால், மிகுதி எங்கிருந்து வந்தது? கரையின் அடியிலிருந்தே. உடனே வேலையை நிறுத்தச் சொல்லிப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

பிசான அறுவடைக்குப் பின், கார் பருவத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் வேலையை முடிப்பது நலம். முடிந்ததும் குழாயைச் சுற்றிய இடைவெளியில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்கக் கோரலாம். வேலைக்கு முன்னரே கரையின் மேல் குறிகள் நட்டு மட்டம் பார்த்து எழுதி வைத்தல் அவசியம். களிமண் நீரை மெல்ல மெல்லவே விடுமாதலால், தாழ்வு பல மாதம் தொடரக்கூடும். ஆகவே அடுத்த பிசானம் முடிந்த பின்னும் ஒரு முறை மட்டம் பார்க்க வேண்டும்.