மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு: வலி அடங்கினால்தான் கை உயரும்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து வீடு திரும்பும் சகோதரிகள் சிலர், "வலி இருக்கத்தான் செய்யும், சபூர் செய்வோம்" என்று வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். சபூர் என்பது மருந்தை மறுப்பது அல்ல. நோய்க்கு மருத்துவம் தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

வலியை மறைத்தால் என்ன ஆகும்?

வலித்தால் கையை அசைக்க மாட்டோம். அசையாத தோள் சில வாரங்களில் இறுகிவிடும். அறுவைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படும். அதற்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகியவரால் அது முடியாது, சிகிச்சை தள்ளிப்போகும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குபவர், கை உயரவில்லை என்று திரும்பி வரக் கூடாது.

மருந்து

முதல் நாட்களில், வலி முற்றிய பிறகு மாத்திரையைத் தேடாமல், மருத்துவர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். பாரசிட்டமால் பல பெயர்களில் விற்கப்படுகிறது. இரண்டு பெயரில் ஒரே மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. டிரமடால் போன்ற மருந்துகளால் மலச்சிக்கல் வரும்; அதற்கும் மருந்து கேளுங்கள்.

அக்குளிலும் மேல்கையின் உட்புறத்திலும் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி வந்தால், அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. மரத்துப்போன இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்; சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

தினமும் "பூஜ்யத்திலிருந்து 10 வரை வலி எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுபவர், அந்தத் தாளைச் செவிலியரிடம் கொடுத்தால் போதும்.

குழாயும் காயமும்

காயத்து நீர் வடியும் குடுவை எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்கட்டும். சோப்பால் கை கழுவிய பின்பே தொடுங்கள். தினமும் வடிந்த அளவை மில்லி கணக்கில் குறித்து வையுங்கள். குழாயை எப்போது எடுப்பது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, குடுவையில் திடீரென நிறைய ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பயிற்சி

மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், மறுநாளிலிருந்தே விரல்களை மூடித் திறக்கலாம், முழங்கையை மடக்கலாம். குழாய் எடுக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். பிறகு சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் பயிற்சி. வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்தால் எளிது. ஸஜ்தாவில் கை ஊன்ற முடியாதவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம்.

எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்குப் பல மாதங்கள் கழித்தும் அந்தக் கை வீங்கலாம். காப்பிப் பழம் பறிக்கும்போது கையுறை அணியுங்கள். முள் கீறினால் உடனே கழுவி மருந்து போடுங்கள். அந்தத் தோளில் மூட்டை தூக்க வேண்டாம். ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் மறு கையைக் காட்டுங்கள்.

உதவி

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வீட்டு ஆண்களே, அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மாத்திரை நேரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், கை உயரும்.