நெய்தல் மண்ணில் வீட்டுத் தோட்டம்

திணை என்பது பாட்டுக்கு மட்டும் உரிய பகுப்பு என்று எண்ணியே மாணவர் பலர் தேர்வு எழுதி முடித்துவிடுகின்றனர். தொல்காப்பியம் மரத்தையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்துள்ளது. இன்ன நிலத்தில் இன்ன மரமே இயல்பாய் வளரும் என்னும் பட்டறிவு அதனுள் அடங்கியிருக்கிறது. வடசென்னையில் வீட்டின் பின்புறம் நான்கு செடி வைக்க விரும்புவோர்க்கு அவ்வறிவு பயன்படுமா என்பதையே ஈண்டு நாம் காண விழைகின்றோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரம் நெய்தல் நிலம். மணற்பாங்கான மண் நீரைத் தேக்கி வைப்பதில்லை. காற்றில் உப்பு மிகுதி. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும்; தை பிறந்தபின் பல மாதங்கள் வறட்சியே. நிலத்தடி நீரும் கைகொடுப்பதில்லை. மிகுதியாக இறைத்ததனால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தமை 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டதாகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றியபோது, குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற தெருவில் ரோசாச் செடிக்கு நீர் வார்க்க யாருக்கு மனம் வரும்?

மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுதும் வறட்சி. ஆதலின் அங்குள்ளோர் இலை சிறுத்த அல்லது தடித்த செடிகளைத் தேர்ந்து, மழை தொடங்கும் காலத்தில் நடுகின்றனர். இம்முறையை நாம் கொள்ளலாம். அந்நாட்டுச் செடிகளையெல்லாம் கொள்ள இயலாது. திருமறையில் கூறப்பட்ட மரம் என்னும் அன்பினால் சைத்தூன் கன்றைத் தேடி வாங்குவோர் நம்மிடையே உண்டு. அம்மரம் பூப்பதற்குக் குளிர் வேண்டும். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது. இலை தழைக்கலாம், காயை எதிர்பார்த்தல் வீண். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டின்மீது தமிழகத்து வயல்வளத்தை ஏற்றிப் பாடினார். புலவர்க்கு அவ்வுரிமை உண்டு, தோட்டம் போடுவோர்க்கு இல்லை. ஆயினும் அரபுத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட சோற்றுக்கற்றாழை நம் மணலில் கேட்பாரற்றும் வளர்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

நெய்தற்கு உரிய மரங்களுள் முதலில் நினைவுக்கு வருவது புன்னை. அதன் தடித்த பளபளப்பான இலை உப்புக் காற்றைத் தாங்கும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை, திருவொற்றியூரில் மகிழம். இரண்டும் கடலோர ஊர்கள் என்பதை நோக்குக. இவை பெருமரங்களாதலின் பள்ளிவாசல், கல்லூரி வளாகங்களுக்கே பொருந்தும். அரை கிரவுண்டு மனைக்கு நொச்சியும் மருதாணியும் முருங்கையும் போதும். மருதாணிக் கிளையை மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்விடும். சில ஆண்டுகளில் வேலியாகும். பெருநாளுக்கு முன்னாள் தெருப் பிள்ளைகள் உரிமையோடு வந்து பறித்துச் செல்வர். அதைத் தடுத்தல் ஆகாது. முருங்கையை மேட்டில் நடவேண்டும், நீர் தேங்கினால் வேர் அழுகும். புயற்காற்றில் முறியாதிருக்க அவ்வப்போது குட்டையாக வெட்டிவிடுவது நன்று.

நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி. குழியில் மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் இட்டு, அடிமண்ணைச் சருகால் மூடினால் ஈரம் நிற்கும். பள்ளிவாசலில் ஒளூச் செய்த நீர் சோப்புக் கலவாதது. அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் புன்னைக்குத் திருப்ப ஒரு சிறு வாய்க்கால் போதும். நிருவாகத்தார் இதனைக் கருதுவாராக.

இன்னொன்று. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அத்தகைய மண்ணில் விளைந்த கீரையைப் பிள்ளைகட்கு ஊட்டுமுன் மண்ணைச் சோதித்தல் இன்றியமையாதது. முடிவு தெரியும்வரை, வேறிடத்து மண் நிரப்பிய தொட்டியில் கீரையை வளர்க்கலாம். நிலத்தில் பூவரசு, நொச்சி போன்ற உணவுக்கு ஆகாதனவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.