தண்ணீர் எங்கே போகிறது?

கார் எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. சில வண்டிகளில் டீசல் எரிகிறது. எரிந்தால் சூடு வரும். அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர் சுமந்து போகிறது.

எப்படி? எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி இருக்கிறது. ஒரு சிறிய பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. சூடான தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் நிறைய உண்டு. அவற்றின் மேல் காற்று படுகிறது. தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் மறுபடி எஞ்சினுக்குப் போகிறது. வண்டி நின்றால் காற்று வராது அல்லவா? அதற்குத்தான் ஃபேன்.

இது சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீர். தினமும் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

மும்பை தாராவியில் ஒரு டாக்சி டிரைவர் இதைக் கவனிக்காமல் விட்டார். கடன் வாங்கி எடுத்த பழைய கார். மே மாத வெயில். காலையில் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். அரை லிட்டர் ஊற்றுவார். கிளம்பிவிடுவார். இப்படியே மூன்று நாள். ஊருக்குள் ஓடியவரை வண்டி பொறுத்துக்கொண்டது.

நான்காம் நாள் புனேக்குச் சவாரி. ஒரு குடும்பம் கல்யாணத்துக்குக் கிளம்பியது. கைக்குழந்தையும் உண்டு. பழைய சாலையில் போனார்கள். கோபோலி தாண்டியதும் போர் காட் மலை ஏற்றம். ஏசியும் ஓடியது. கண்டாலா வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட் இடுக்கில் ஆவி வந்தது.

டிரைவர் உடனே ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். அது நல்லதாகப் போயிற்று. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். அது பெரிய செலவு. கடன் தவணை என்ன ஆவது?

குடும்பத்தில் ஒரு இளைஞர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"தம்பி, கையை எடுங்க!"

"தண்ணி ஊத்தத்தான் அண்ணே."

"ஆவி அடங்காம குக்கரைத் திறப்பாங்களா? இதுவும் குக்கர்தான்."

உண்மைதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தி வைத்திருக்கிறது. அதனால் 100 டிகிரிக்கு மேலும் அது கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். உடனே தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும். கண்ணே போய்விடலாம்.

எல்லோரும் சாலையை விட்டுத் தள்ளி மர நிழலில் உட்கார்ந்தார்கள். குழந்தை அழுதது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எஞ்சின் ஆறியது. டிரைவர் தடித்த துணியை மூடியின் மேல் போட்டார். மெல்லக் கொஞ்சம் திருப்பினார். "புஸ்" என்ற சத்தம் நின்ற பிறகே முழுவதும் திறந்தார்.

பிறகு ஒழுகும் இடத்தைத் தேடினார். மேல் ரப்பர் குழாயில், கிளிப் இறுக்கும் இடத்தில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றித் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை. மூன்று நாளும் பானெட்டைத் திறந்தவர் கண்ணில் அது படவில்லை!

வெடித்த நுனியை ஒரு விரல் அகலம் வெட்டினார். மீதிக் குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கினார். தண்ணீர் ஊற்றினார். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் வெடிப்பு விடும். ஆறிவிட்டதால் பயமில்லை. ஏசியை நிறுத்தி மெதுவாக ஓட்டினார். லோனாவாலாவில் புதுக் குழாய் போட்டார்கள்.

தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால்? நெரிசலில் நின்றால் சூடு, ஓடினால் ஆறுகிறது. அப்படியானால் ஃபேனைப் பாருங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மின்சார ஃபேன் என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். மின்சார ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். விரலை விடாதீர்கள். வேகமாக ஓடும்போதுதான் சூடு என்றால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் என்று ஒன்று உண்டு. சூடு வந்ததும் திறக்கும் சிறு கதவு அது. திறக்காமல் சிக்கினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி வீசிவிடுவார்கள். அது வைத்தியம் அல்ல. புதிது போடச் சொல்லுங்கள்.

வெளியே ஒழுகல் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறதா? வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிகிறதா? தண்ணீர் எஞ்சினுக்குள் புகுகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்ட வேண்டாம். கட்டி இழுத்துப் போங்கள்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துரு பிடிக்கும். அவசரத்துக்கு ஊற்றலாம். பிறகு கூலன்ட் கலக்க வேண்டும். கூலன்ட் பெரும்பாலும் விஷம். ஆனால் இனிக்கும். குழந்தையும் நாயும் குடித்துவிடலாம். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.