பண்ணைக்குட்டையின் கன அளவு

கடையம் வட்டாரத்தில் இராமநதி, ஜம்புநதிக் கால்வாய்கள் எட்டாத மேட்டு நிலத்தார்க்குப் பண்ணைக்குட்டை பெருந்துணையாகும். அதை வெட்டும் முன் எவ்வளவு நீர் கொள்ளும் என்பதை நாம் கணித்தறிதல் வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர் பயிலும் இடைக்கண்டக் கணக்கே இதற்குப் போதுமானது.

மேல்வாய் 20 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர் எனக் கொள்வோம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 800 கன மீட்டர் என்று பலர் சொல்லிவிடுகின்றனர். கரை சரியாதிருக்க, மீட்டர் ஆழத்திற்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட்டால் அடித்தளம் 14 மீட்டர் சதுரமாகக் குறுகிவிடும். மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 196, நடு ஆழத்தில் 17 மீட்டர் சதுரமாதலால் அங்குப் பரப்பு 289 சதுர மீட்டர். நடுப்பரப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டினால் 1,752. அதை ஆறால் வகுத்து ஆழத்தால் பெருக்க, 584 கன மீட்டர் கிடைக்கிறது. பாடநூற் சூத்திரமும் இதே விடையைத் தரும். ஆனால் நீளமும் அகலமும் வேறான குட்டைக்கு அச்சூத்திரம் சற்றே பிசகும். நடுப்பரப்பு முறை பிசகாது.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஐந்து சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு முறை நீர் பாய்ச்சுவதாயின், 800 கன மீட்டர் ஏறத்தாழ நான்கு ஏக்கருக்குப் போதும். 584 கன மீட்டரோ மூன்று ஏக்கருக்கும் சற்றுக் குறைவாகவே எட்டும். ஆவியாவதும் நிலத்தில் ஊறுவதும் வேறு. நான்கு ஏக்கரை நம்பி விதைத்தவர் பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் கைபிசைந்து நிற்க நேரும்.

வெட்டுக்கூலி கொடுக்கும்போதும் இக்கணக்கே நியாயம். கரையில் குவித்த மண்ணை அளத்தல் கூடாது. வெட்டிய மண் பொலபொலத்துப் பெருகிவிடும். குழியையே அளக்க வேண்டும். குளத்தைத் தூர்வாரும்போது தரை மேடுபள்ளமாக இருக்குமாதலால், ஆங்காங்கே சிறு மண்திட்டுகளை வெட்டாமல் சாட்சியாக விட்டுவைத்து, அவற்றின் உயரங்களிலிருந்து சராசரி ஆழம் காண்பது நெடுநாளைய வழக்கம். அளந்து பதிவு செய்யும் முன் அத்திட்டுகளை எடுத்துவிட ஊராட்சி உறுப்பினர் இடங்கொடுத்தல் ஆகாது.

நீர்மட்டம் பாதி என்றால் நீரும் பாதி என்று எண்ணுவது மற்றொரு மயக்கம். நமது குட்டையில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால் இருப்பு 241 கன மீட்டரே. மேல் ஒரு மீட்டரில் 343 அடங்கும். 84 அடி இராமநதி அணையில் 42 அடி நிற்கிறது என்று கேட்டாலும் இதை நினைவிற் கொள்க. மலையிடுக்கில் அமைந்த நீர்த்தேக்கமும் அடியில் ஒடுங்கியதே. குட்டைக்குள் ஒரு கம்பை நட்டு, அரை மீட்டருக்கொரு கோடிட்டு, கோட்டருகே அதற்குரிய கன மீட்டரை எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டுவதில்லை.